கீர்த்தனையும் அழைப்பும்: தமிழ்க் கிறிஸ்தவ இளைஞர் உள்ளத்தை உருவாக்கிய பாடல்கள்

ஒரு சமயம் தன் அடுத்த தலைமுறையின் நெஞ்சில் எவ்வாறு வேரூன்றுகிறது என்று ஆராயப் புகுவோர், பெரும்பாலும் அதன் வேத நூல்களையும், அவற்றுக்கு எழுந்த வியாக்கியானங்களையும், போதனைக்கென ஏற்பட்ட ஸ்தாபனங்களையுமே முதலில் நோக்குகின்றனர். எழுத்தறியாக் குழந்தைப் பருவத்திலேயே செவிவழிப் புகுந்து, பொருள் விளங்குமுன் நாவில் பழகி, வயது ஏற ஏறப் பொருள் விரிந்து, கடைசி மூச்சுவரை மனிதனோடு உடன்வரும் பாடலைப் பற்றி அவர்கள் கூறுவது சொற்பமே. தமிழ்ச் சீர்திருத்த சபைக் கிறிஸ்தவர்களின் முந்நூறு ஆண்டுச் சரித்திரத்தைக் கூர்ந்து நோக்குவோர்க்கோ, பிரசங்க பீடம் செய்த காரியத்துக்குச் சற்றும் குறையாத காரியத்தைப் பாட்டுப் புத்தகம் செய்திருப்பது தெளிவாகப் புலப்படும்.

இளைஞன் ஒருவன் தன் வாழ்வை இறைபணிக்கென ஒப்புக்கொடுக்கும் நேரம் திடீரென வாய்த்தது போலத் தோன்றலாம். ஆனால் அந்த நேரத்தில் அவன் எந்தச் சொற்களால் தன்னை அறிந்துகொள்கிறானோ, எந்தச் சொற்களால் இறைவனுக்கு மறுமொழி கூறுகிறானோ, அந்தச் சொற்கள் பல்லாண்டுகளுக்கு முன்பே வீட்டு ஜெபத்திலும், ஞாயிறு பள்ளியிலும், மார்கழிப் பஜனையிலும் அவன் உள்ளத்தில் சேர்ந்தவை. ஆகவே இளமையில் என்ன பாடப்படுகிறது என்பது இன்ப நுகர்ச்சியைப் பொறுத்த சிறு விஷயமாகாது. நாளைய திருச்சபைக்கு எத்தகைய ஊழியர் கிடைப்பார் என்பதைப் பெரிதும் நிர்ணயிக்கும் காரியம் அது. இக்கட்டுரை நிறுவ விரும்புவது இதுவே.

தரங்கம்பாடியில் தோன்றிய பாட்டு

1706ஆம் ஆண்டு ஜூலை மாதம் தரங்கம்பாடியில் வந்திறங்கிய பர்த்தலோமேயு சீகன்பால்கு, தம்முடைய ஜெர்மானிய பக்தி மரபின் பாடல்களைத் தமிழில் பெயர்க்கும் முயற்சியை விரைவிலேயே தொடங்கினார். சபை கூடிப் பாடாமல் ஆராதனை நிறைவுறாது என்னும் லுத்தரின் கொள்கையில் வளர்ந்த அவருக்கு, தமிழ் மக்கள் கையில் ஒரு பாட்டுப் புத்தகம் இருக்க வேண்டும் என்பது வேதாகம மொழிபெயர்ப்புக்கு அடுத்த அவசரமாகத் தோன்றியதில் வியப்பில்லை. அவருக்குப் பின் ஒரு தலைமுறை கழித்து வந்த யோகான் பிலிப் பப்ரீசியுஸ், வேதாகம மொழிபெயர்ப்பில் காட்டிய அதே சிரத்தையுடன் ஜெர்மானியப் பாடல்களைத் தமிழாக்கினார். அவை ஞானப்பாட்டுகள் என்ற பெயரில் லுத்தரன் சபைகளில் இன்றும் பாடப்படுகின்றன.

அப்பாடல்களில் ஆழ்ந்த பக்தியும் உறுதியான உபதேசமும் நிறைந்திருந்தன என்பதை மறுப்பார் இல்லை. ஆயினும் ஐரோப்பிய மெட்டு, அசைகளை எண்ணி, அழுத்தம் விழும் இடத்தை வைத்து அமைந்தது; தமிழ்ச் செய்யுளோ குறில் நெடில் அளவிலும், எதுகை மோனையிலும், சீரின் நடையிலும் உயிர் வாழ்வது. ஒன்றன் அளவுக்குள் மற்றொன்றை அடக்கும்போது, குறில் நீளவும் நெடில் குறுகவும் நேர்ந்து, சொல் தன் இயல்பான ஓசையை இழந்தது. எழுத்தறிந்து, மெட்டையும் பயின்ற சபையார் அப்பாடல்களை நேசித்தனர். வயலில் நாற்று நடுபவளும் ஏற்றம் இறைப்பவனும் புத்தகத்தின் உதவியின்றித் தம் போக்கில் பாடுவதற்கோ வேறு வகையான பாட்டு வேண்டியிருந்தது. அதை அளிக்க, தமிழ் யாப்பும் இராகமும் தாளமும் இயல்பிலேயே கைவந்த ஒரு புலவர் தேவைப்பட்டார்.

தஞ்சை வேதநாயக சாஸ்திரியார்

அப்புலவர் 1774ஆம் ஆண்டு திருநெல்வேலிச் சீமையில் பிறந்த வேதநாயக சாஸ்திரியார். அவர் தந்தை தேவசகாயம், கத்தோலிக்க மார்க்கத்தைத் தழுவிப் பின்னர்ச் சீர்திருத்த சபையில் சேர்ந்த புலமை வாய்ந்த குடும்பத்தினர். 1785இல் பாளையங்கோட்டைக்கு வந்த கிறிஸ்தியான் பிரெடெரிக் சுவார்ட்ஸ் ஐயர், பன்னிரண்டு வயதளவினனாயிருந்த அச்சிறுவனின் அறிவையும் குணத்தையும் கண்டு, அவனைத் தம்முடன் தஞ்சைக்கு அழைத்துச் சென்று மகனைப் போல வளர்த்தார். சிலகாலம் தரங்கம்பாடியில் கல்வி பயின்றபின், இருபது வயதை எட்டும் தறுவாயில் அவர் தஞ்சை மிஷன் பள்ளியின் தலைமை ஆசிரியரானார். சுவார்ட்ஸ் ஐயரின் பாதுகாப்பில் வளர்ந்த மற்றோர் இளைஞரே பின்னர் 1798இல் அரியணை ஏறிய இரண்டாம் சரபோஜி மன்னர். ஒரே குருவின் நிழலில் வளர்ந்த புலவரும் மன்னரும் சமய வேற்றுமையைக் கடந்த நட்பைப் பல்லாண்டுகள் பேணினர்.

இவ்வாழ்க்கையில் நம் ஆராய்ச்சிக்குரிய செய்தி ஒன்று உண்டு. சாஸ்திரியாரின் அழைப்பே பாட்டாக மலர்ந்தது. போதகராகப் பட்டம் பெறாமலே, பாடுவதையும் பாட்டால் போதிப்பதையும் தம் ஊழியமாகக் கொண்டு, 1864இல் மறையும் வரை ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் அதிலேயே நிலைத்தார். பள்ளி ஆசிரியராகப் பிள்ளைகளின் மனப்போக்கை அறிந்திருந்தமையால், எது அவர்கள் நெஞ்சில் தங்கும், எது வழுவிப் போகும் என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது.

அவருடைய பெத்லகேம் குறவஞ்சியை இதற்குச் சிறந்த சான்றாகக் கொள்ளலாம். திருக்குற்றாலக் குறவஞ்சியால் தமிழுலகில் பெரும்புகழ் எய்தியிருந்த அப்பிரபந்த வகையைக் கையாண்டு, பவனி வரும் தலைவனாகக் கிறிஸ்துவையும், அவர்பால் காதலுற்ற தலைவியாகத் திருச்சபையையும் நிறுத்தி, குறி சொல்லும் குறத்தியின் வாயிலாக விசுவாசத்தின் மேன்மையை எடுத்துரைத்தார். குறத்தியின் கணவனாகிய சிங்கன் வலை வீசிப் பிடிக்கும் தொழில், ஆன்மாக்களைத் தேடும் நற்செய்திப் பணிக்கு உருவகமாயிற்று. கோள்களின் இயக்கம், உலகின் தேசங்கள், பறவை மீன் வகைகள் ஆகியவற்றைப் பற்றித் தரங்கம்பாடி மிஷனெரிமார் வழியாக அவர் அறிந்த நவீன அறிவும் அந்நூலில் இடம்பெற்றது. படைப்பை அறிதலும் படைத்தவனைப் பாடுதலும் அவருக்கு இருவேறு காரியங்களாக இருக்கவில்லை. இளைஞனுடைய பக்தி அறிவுக்கு அஞ்ச வேண்டியதில்லை என்ற பெரிய பாடத்தை, தமிழ்க் கிறிஸ்தவப் பாடல் தன் தொடக்கக் காலத்திலேயே கற்பித்துவிட்டது.

கீர்த்தனை செயல்படும் விதம்

கீர்த்தனை என்னும் வடிவம் சபைக்கு ஏன் இவ்வளவு பொருந்தியது என்பதைச் சற்று விரிவாக நோக்குவது அவசியம். பல்லவி ஒரே கருத்தைச் சுருக்கமாக நாட்டுகிறது. அனுபல்லவி அதை விரிக்கிறது. சரணங்கள் ஒவ்வொன்றும் வேத சரித்திரத்திலிருந்தோ உபதேசத்திலிருந்தோ ஒரு சான்றைக் கொணர்ந்து நிறுத்தி, மீண்டும் பல்லவிக்கே அழைத்துவருகின்றன. உபதேசியார் சரணத்தைப் பாட, சபையார் பல்லவியை ஏற்றுப் பாடும்போது, எழுத்தறியாத மூதாட்டியும் ஐந்து வயதுப் பேரனும் முதல் நாளிலேயே பாட்டில் பங்கு கொள்கின்றனர். நாளடைவில் பேரனுக்குச் சரணங்களும் மனப்பாடமாகி, பத்துப் பன்னிரண்டு வயதுக்குள், சிருஷ்டி முதல் இரட்சிப்பு வரையிலான வேத சரித்திரத்தின் பெரும்பகுதி அவன் நாவில் குடியேறிவிடுகிறது.

ஆண்டின் காலங்களோடும் கீர்த்தனைகள் பிணைந்திருந்தன. வருகையின் நாட்களுக்கு ஒருவகைப் பாட்டு, பிறப்பின் பண்டிகைக்கு மற்றொரு வகை, லெந்து நாட்களுக்குச் சாஸ்திரியாரின் உருக்கமான பாடுகளின் கீர்த்தனைகள், அறுப்பின் பண்டிகைக்கும் திருமணத்துக்கும் அடக்கத்துக்கும் தனித்தனிப் பாடல்கள் என்றிருந்தமையால், இளைஞன் ஓராண்டைக் கடக்கும்போது கிறிஸ்துவின் வாழ்க்கை முழுவதையும் ஒருமுறை பாடிக் கடந்தான். மகிழ்ச்சியை மட்டுமே பாடுபவன் துன்பம் வந்தபோது மொழியற்றுப் போவான். துக்கத்தையும், பாவ உணர்வையும், காத்திருத்தலையும் பாடப் பழகியவனுக்கோ, அழைப்பின் வழியில் தவறாது வரும் சோர்வு நாட்களிலும் ஜெபிக்கச் சொற்கள் மிஞ்சியிருக்கும். பஞ்சத்திலும் கொள்ளை நோயிலும் பிள்ளைகளைப் புதைத்த கிராமத்துச் சபைகள் விசுவாசத்தில் நிலைத்ததற்குரிய காரணங்களுள் இதையும் ஒன்றாகக் கூறலாம்.

தமிழ்நாட்டில் இது புதிய வழியும் அன்று. நாயன்மாரும் ஆழ்வாரும் ஊர்தோறும் பாடிச் சென்று, சாஸ்திர வாதத்தால் எட்டாத உள்ளங்களைப் பாட்டால் எட்டினர். வைணவக் குடும்பத்தில் பிறந்து, கம்பனின் காவியத்தில் ஊறி வளர்ந்த எச். ஏ. கிருஷ்ண பிள்ளை, 1858இல் தம் முப்பதாம் வயதளவில் ஞானஸ்நானம் பெற்றபோது, இளமையில் தம் நெஞ்சை உருக்கிய பக்தி மொழியைப் புறத்தே வைத்துவிட்டு வரவில்லை. ஜான் பனியனின் கதையைத் தழுவி 1894இல் வெளியான இரட்சணிய யாத்திரிகத்திலும், இரட்சணிய மனோகரத்திலும் அந்த உருக்கம் அனைத்தையும் கிறிஸ்துவின் பாதத்தில் சமர்ப்பித்தார். மகாராஷ்டிரத்தின் கவிஞர் நாராயண வாமன திலகரும் அவ்வாறே துக்காராமின் அபங்க மரபைத் தம் கிறிஸ்து பக்திக்கு வாகனமாக்கினார். இளமையில் கேட்ட பாடலின் ஓசை, சமயம் மாறிய பின்னும் உள்ளத்தின் உள்ளோசையாகத் தொடர்கிறது என்பதற்கு இவ்விருவரும் நல்ல சாட்சிகள்.

பாட்டைப் பற்றிய போராட்டம்

தமிழ்ப் பாட்டு சபையில் எளிதாக நிலைபெறவில்லை. 1820களில் தஞ்சைக்கு வந்த புதிய தலைமுறை மிஷனெரிமார், தமிழ் இசையும் வாத்தியங்களும் திருவிழாக்களில் பூவின் உபயோகமும் புறச்சமய வழக்கங்களே என்று கருதி, அவற்றை நீக்க முற்பட்டனர். சாஸ்திரியார் அதைக் கடுமையாக எதிர்த்து, பப்ரீசியுஸின் வேதாகமத்தைத் திருத்துவதும், பாட்டை விலக்குவதும், பூவைத் தடுப்பதும், சாதி வேறுபாடுகளை வலுவில் கலைப்பதும் தம் சபைக்கு இழைக்கப்பட்ட கொடுமைகள் என்று எழுதினார்.

இங்கே ஆராய்ச்சியாளன் நேர்மையோடு பேச வேண்டும். பாட்டைப் பற்றிச் சாஸ்திரியார் கூறியது நியாயம். சாதியைப் பற்றி அவர் கூறியதோ, அவர் பாடிய சுவிசேஷத்துக்கே விரோதமானது. ஒரே பாத்திரத்தில் அருந்த வேண்டிய சபையார் தனித்தனியே அமர்ந்த அநீதியை அவர் வழக்கமென்று ஆதரித்தார். எவ்வளவு பெரிய பக்தராயினும், இக்குறையை மறைத்து அவரைப் போற்றுவது சத்தியத்துக்குத் துரோகமாகும். ஆனால் அவருடைய பாடல்கள் அவரைக் கடந்து சென்றன. பள்ளிக்குள்ளும் கோயிலுக்குள்ளும் நுழைய உரிமை மறுக்கப்பட்டிருந்த மக்களின் சிற்றூர்ச் சபைகளில் அதே கீர்த்தனைகள் ஒலித்தன. சிலுவையின் முன் யாவரும் சமம் என்னும் பொருளை, அதை ஆக்கியவரைவிட ஆழமாக அம்மக்கள் அறிந்து பாடினர். பாடல் பாடுவோருக்கே உரியதாகிறது. புலவனின் சிறுமை அதைச் சிறைப்படுத்துவதில்லை.

பாட்டைக் காத்தவர்களும் மிஷனெரிகளிடையே இருந்தனர். அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப், சாஸ்திரியாரின் கீர்த்தனைகளையும் பிறருடையவற்றையும் சேர்த்து, 1853இல் சபைகளின் உபயோகத்துக்கென ஒரு தொகுதியை வெளியிட்டார். அதன் பின்னரே கீர்த்தனை தஞ்சையின் எல்லையைத் தாண்டித் தென்தமிழ்நாட்டின் பல சபைகளுக்கும் பொதுச் சொத்தாயிற்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஈரோட்டில் ஊழியம் செய்த எச். ஏ. பாப்லி, கர்நாடக இசையை முறைப்படி பயின்று, கதாகாலட்சேப முறையில் நற்செய்தியைப் பாடிக் கூறும் உபதேசிமாரைப் பயிற்றுவித்ததோடு, இந்திய இசையைப் பற்றி 1921இல் ஒரு நூலும் எழுதினார். பாட்டுப் பயிற்சியை ஊழியப் பயிற்சியின் அங்கமாக அவர் கருதியது, நம் காலம் மறந்துவிட்ட ஒரு ஞானம்.

பாட்டிலிருந்து பணிக்கு

இத்தகைய சபைகளில் வளர்ந்த இளைஞர் என்ன செய்தனர் என்பதைச் சரித்திரம் கூறுகிறது. 1874இல் வெள்ளாளன்விளையில் ஒரு போதகரின் மகனாகப் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா, வாலிப கிறிஸ்தவ சங்கத்தின் காரியதரிசியாக 1902இல் யாழ்ப்பாணம் சென்றபோது, அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவ மாணவர் தம் சொந்தப் பொருளைச் சேர்த்துத் தொண்டிப் பகுதிக்கு ஊழியரை அனுப்பியிருப்பதைக் கண்டு நெஞ்சு கலங்கினார். பிறநாட்டார் அனுப்பிய நற்செய்தியைப் பெற்று மகிழ்ந்த திருநெல்வேலிச் சபை, தான் யாரையும் எங்கும் அனுப்பவில்லையே என்ற நாணம் அவரை வாட்டியது. அதன் விளைவாக 1903இல் இந்திய மிஷனெரிச் சங்கம் பாளையங்கோட்டையில் பிறந்து, ஹைதராபாத் சமஸ்தானத்தின் டோர்ணக்கல் பகுதிக்கு ஊழியரை அனுப்பியது. 1912இல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயராக அபிஷேகம் பெற்ற அசரியா, அந்த டோர்ணக்கலையே தம் வாழ்வின் களமாக்கிக்கொண்டார்.

அசரியாவின் அழைப்புக்கு ஒரு பாட்டே காரணம் என்று கூறுவது மிகையாகும். யாழ்ப்பாணத்தில் கண்ட காட்சியும், நண்பர்களின் ஜெபமும், தாயின் பயிற்சியும் அதில் பங்கு கொண்டன. ஆனால் டோர்ணக்கலில் எழுத்தறியா மக்களிடையே சபையைக் கட்டியபோது, தெலுங்கு மெட்டுகளையும் கிராமத்துப் பாட்டையும் நாடகத்தையும் அவர் ஆதரித்த முறையைக் காண்போர், பாட்டால் வளர்ந்த ஒரு சபையின் மகன் மற்றொரு மொழியில் அதே வழியைத் திறப்பதை உணர்வர். திருநெல்வேலி தான் பெற்றதை அளித்தது. தமிழ்ப் பாட்டைத் தெலுங்கர்மேல் சுமத்தாமல், அவர்கள் தம் பாட்டையே பாட விட்டதில்தான் பெற்ற பாடத்தின் முதிர்ச்சி விளங்குகிறது.

அரை நூற்றாண்டு கழித்து இச்சரித்திரம் வேறொரு வடிவில் நிகழ்ந்தது. 1950களின் இறுதியில், விடுமுறை வேதாகமப் பள்ளிகளில் பிள்ளைகளுக்குப் பாட்டும் கதையும் கற்பித்த தமிழ் வாலிபர்கள் ஆங்காங்கே ஜெபக்குழுக்களாகக் கூடினர். அக்குழுக்களிலிருந்து எழுந்த பிரெண்ட்ஸ் மிஷனெரி பிரேயர் பேண்டு, 1967இல் தன் முதல் மிஷனெரியை அனுப்பி, பின்னர் வட இந்தியப் பழங்குடி மக்களிடையே பரவியது. அவ்வியக்கத்தின் ஆரம்பத் தலைவர்களுள் ஒருவரான எமில் ஜெபசிங், ஊழியராகவும் பாடலாசிரியராகவும் ஒருங்கே விளங்கினார். எளிய தமிழில், எவரும் உடனே பற்றிக்கொள்ளும் மெட்டில் அவர் ஆக்கிய பாடல்கள், அறியாத மொழியும் அறியாத மலையும் காத்திருக்கின்றன என்னும் உணர்வை வாலிபர் கூட்டங்களில் எழுப்பின. பாடிவிட்டு வீடு திரும்புவதற்கென்று அப்பாடல்கள் ஆக்கப்படவில்லை. பாடியவனை எழுந்து புறப்படக் கேட்பதே அவற்றின் இயல்பு.

உருக்கமும் உறுதியும்

பாட்டின் வல்லமையை இவ்வளவு புகழ்ந்தபின், அதன் அபாயத்தையும் கூறுவது கடமை. நான்காம் நூற்றாண்டில் மிலான் நகரச் சபையின் பாடல்களைக் கேட்டுக் கண்ணீர் விட்டுத் தேறிய அகுஸ்தீன், பின்னாளில் தம் உள்ளத்தையே சோதித்து, பாடப்படும் பொருளினும் பாடும் குரலே தம்மை மிகுதியாக அசைக்கும்போது தாம் பாவம் செய்வதாக அறிக்கையிட்டார். ஆயினும் பலவீனமான உள்ளம் செவியின்பத்தின் வழியாகப் பக்திக்கு உயரலாம் என்று கண்டு, சபையில் பாட்டு நிலைத்திருப்பதையே அவர் ஆதரித்தார். பதினாறு நூற்றாண்டுகள் சென்ற பின்னும், இப்பொருள்பற்றி இதனினும் சமநிலை வாய்ந்த தீர்ப்பைக் காண்பது அரிது.

இன்றைய வாலிபர் கூட்டங்களில் மின்னிசைக் கருவிகளின் பேரொலியில் பாடப்படும் புதிய பாடல்களை, அவை புதியன என்பதற்காகவே பழிப்பது நியாயமன்று. சாஸ்திரியாரின் கீர்த்தனைகளும் ஒருகாலத்தில் புதியனவாயிருந்து பழிக்கப்பட்டவையே. இறைவனை நண்பனாகவும் தந்தையாகவும் நெருங்கிப் பேசும் அவற்றின் நேர்மை, தனிமையால் வருந்தும் நகரத்து இளைஞனுக்கு மருந்தாயிருப்பதை நான் மதிக்கிறேன். ஆனால் அவற்றுள் பல, என்னை உயர்த்துவீர், என் குறைவை நிறைப்பீர் என்ற ஒரே பொருளைச் சுற்றி வருகின்றன. பாவ அறிக்கையும், அயலானின் பசியும், நீதியின் தாகமும், சிலுவை சுமத்தலும் அவற்றில் இடம்பெறுவது அரிதாகிவிட்டது. ஆசீர்வாதத்தை மட்டுமே பாடி வளர்ந்த இளைஞன், அழைப்பு என்பதையும் தன் முன்னேற்றத்தின் மறுபெயராகவே எண்ணக்கூடும். மேலும், ஆண்டுதோறும் பாடல்கள் மாறிக்கொண்டேயிருந்தால், எந்தப் பாடலும் நெஞ்சின் அடித்தளம்வரை இறங்கப் போதிய காலம் பெறுவதில்லை. பாட்டியும் பேரனும் சேர்ந்து பாடக்கூடிய பாடல் ஒன்றும் இல்லாத குடும்பம், விசுவாசத்தைக் கையளிக்கும் பழமையான வழி ஒன்றை இழந்துவிடுகிறது.

ஒரு பாடல் இளைஞனின் விசுவாசத்தை உருவாக்கத் தக்கதா என்று தீர்மானிக்க மூன்று கேள்விகள் போதும் என்பது என் துணிபு. இசைக்கருவிகள் ஓய்ந்தபின் அதன் சொற்கள் தனித்து நின்று ஜெபமாகுமா? துன்பத்தின் நடுவிலும் அதைப் பாட இயலுமா? பாடி முடித்தவன் தன்னை மறந்து பிறர்பால் செல்ல அது தூண்டுமா? இம்மூன்றுக்கும் ஆம் என்று விடை தரும் பாடல், அது 1800இல் ஆக்கப்பட்டதாயினும் நேற்று ஆக்கப்பட்டதாயினும், இராகத்தில் அமைந்ததாயினும் மேல்நாட்டு மெட்டில் அமைந்ததாயினும், சபையின் நிரந்தரச் செல்வமே.

ஆகவே போதகர்களுக்கும், ஞாயிறு பள்ளி ஆசிரியர்களுக்கும், பெற்றோருக்கும் ஒரு விண்ணப்பம். வாரந்தோறும் என்ன பாடுவது என்பதைப் பாடகர் குழுவின் வசதிக்கும் அந்நேரத்து விருப்பத்துக்கும் விட்டுவிடாமல், பிரசங்கத்துக்குச் செலவிடும் அதே சிந்தனையோடு தேர்ந்தெடுங்கள். பழைய கீர்த்தனைகளின் சரணங்களைப் பொருள் விளக்கிப் பிள்ளைகளுக்கு மனப்பாடம் செய்வியுங்கள். புதிதாகப் பாட்டு இயற்றும் வாலிபர்களுக்கு வேதத்தையும் தமிழ் யாப்பையும் இசையையும் கற்பித்து, அவர்களை ஊக்குவியுங்கள். வீட்டில் மாலை ஜெபத்தில், மூத்தோரும் இளையோரும் சேர்ந்து பாட ஒரு பாடலையாவது நிலைநிறுத்துங்கள். நாளை ஒருநாள் அழைப்பு வரும்போது அப்பிள்ளைகள் மறுமொழி கூற வேண்டிய சொற்களை இன்று அவர்கள் கையில் கொடுப்பது நம்முடைய பொறுப்பு.